போகாத பயணங்களின் வரைபடம்

கோவை நகருக்குள் பெட்ரோல் வண்டிகள் வரக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, சைக்கிள் தடங்கள் அமைக்கும் வேலை வான்மதியின் கைக்கு வந்தது. அவள் முதலில் போட்ட தடம் தோற்றுப்போனது. நிழற்கூரை, சறுக்காத தரை, சந்திகளில் தனி விளக்கு என்று எல்லாம் இருந்தும் யாரும் அதில் ஓட்டவில்லை. ஆறே மாதத்தில் இளநீர் வண்டிகளும் பழைய சோபாக்களும் அதை எடுத்துக்கொண்டன.

எங்கே பிசகியது என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. சைக்கிள் ஓடாத சாலையில் நின்று சைக்கிளை எண்ணினால் பூஜ்யம்தான் வரும். பூஜ்யம் வந்த இடத்தில் தடம் கிடையாது. தடம் இல்லாததால் அங்கே யாரும் சைக்கிளை எடுப்பதில்லை. இந்தச் சுழலை விட்டு வெளியே வர வழி தெரியாமல் இருந்தபோதுதான் ரிஸ்வானா அவளைத் தேடி வந்தாள்.

ரிஸ்வானா நரம்பியல் ஆராய்ச்சியாளர். துணியில் தைத்த மெல்லிய நெற்றிப்பட்டி ஒன்றை வான்மதியின் மேசைமேல் வைத்தாள்.

"மதி, நீங்க இப்ப வீட்டுக்குக் கிளம்பணும்னு நினைச்சா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"பையை எடுப்பேன்."

"அதுக்கும் முன்னாடி. உங்க மூளை அந்த வழியை ஒரு தடவை வேகமா ஓட்டிப் பார்த்துடும். இந்த வாசல், அந்தத் திருப்பம், பாலம், வீடுன்னு. அரை வினாடிகூட ஆகாது, உங்களுக்கே தெரியாது. நீங்க கிளம்பாட்டியும் அது ஓடிடும். இந்தப் பட்டி அதைப் பிடிச்சு வச்சுக்கும்."

"நினைக்கறதையெல்லாம் படிச்சிடுமா?" வான்மதி நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"இல்லை. என்ன நினைக்கறீங்க, எதுக்குப் போறீங்க, யாரைப் பாக்கப் போறீங்க, ஒண்ணும் தெரியாது. எங்கிருந்து எங்கன்னு மட்டும்தான். பேரும் இருக்காது. வெறும் கோடு."

நகரத்தில் விருப்பப்பட்டவர்கள் எல்லாம் பட்டியைக் கட்டிக்கொண்டார்கள். அதிகம் பேர் கட்டிக்கொள்ளும் பகுதிக்கு முதலில் தடம் வரும் என்று சொன்னதால் போட்டி போட்டுக்கொண்டு கட்டிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்ட அறையில், ஒரு பிற்பகலில் ரிஸ்வானா வரைபடத்தைத் திறந்தாள்.

முதலில் நிஜமாக நடந்த பயணங்கள் சுவரில் தெரிந்தன. அவிநாசி சாலை, திருச்சி சாலை, சந்தைகள், பள்ளிகள். வான்மதிக்கு மனப்பாடமான நகரம்.

"இப்ப அதையெல்லாம் எடுத்துடறேன். மனசுல மட்டும் ஓடினது, நிஜத்துல நடக்காதது. அதை மட்டும் பாருங்க."

சுவர் முழுவதும் பற்றிக்கொண்டது.

வான்மதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் பார்த்தது இன்னொரு கோவை. நிஜ நகரத்தைவிடப் பல மடங்கு நெரிசலானது. பொன்னிறக் கோடுகள் தெருக்களில் நூல் நூலாக ஓடின, ரயில் பாதைகளைத் தாண்டின, மேம்பாலங்களைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போயின. ஒரு மருத்துவமனைக் கட்டிடத்திலிருந்து வைகறை நேரத்தில் நூற்றுக்கணக்கான கோடுகள் பூ விரிவது போல விரிந்து நகரத்தின் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்தன. படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் தொழிற்சாலைகளிலிருந்து பள்ளிகளுக்குக் கோடுகள் கிளம்பின. மத்தியான வேளையில், கதவு சாத்திய ஆயிரம் வீடுகளிலிருந்து குளக்கரைகளுக்குக் கிளம்பின. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் நாட்களில், அந்தக் கோடுகள் எதிர்காற்றுக்கு ஒதுங்கி, உயரமான கட்டிடங்களின் மறைவில் வளைந்து சென்றன. கிளம்பாத பயணத்தில்கூட மனிதர்கள் காற்றுக்கு ஒதுங்கினார்கள்.

"இத்தனை பேரா?" என்றாள் வான்மதி. "இத்தனை பேரும் போகாம வீட்டுலயா இருக்காங்க?"

ரிஸ்வானாவும் முழுப் படத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தாள்.

அந்தப் படத்தை வைத்துப் போட்ட அடுத்த தடங்கள் திறந்த அன்றே நிரம்பின. சைக்கிளே இல்லாத தெருக்களில் சைக்கிள் கடைகள் வந்தன. பிற ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தொல்லை பொன்மலர் நகரில் தொடங்கியது.

பொன்மலர் நகர் வசதியான குடியிருப்பு. அதன் கிழக்கு எல்லையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடைக்காடு. இரண்டுக்கும் நடுவில் பழைய இட்டேரி ஒன்று, வேலிகளுக்கு நடுவே வண்டிகள் போய்வந்த குறுகலான மண்பாதை, ஒரு காலத்தில் நேராக ஓடியது. சுவர் அதை வெட்டிவிட்டது. அதனால் ஓடைக்காட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக, நகரச் சட்டம் எட்டாத, லாரிகள் ஓடும் புறவழிச்சாலையைச் சுற்றித்தான் வரவேண்டும்.

வான்மதி ஒரு காலையில் அவர்களோடு ஓட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ரயில் போல நீண்டு வந்தார்கள். முன்னால் ஓட்டியவர் சங்கவி டீச்சர், ஓடைக்காட்டில் குடியிருக்கும் கணக்கு ஆசிரியை. ஐம்பதைத் தாண்டியவர். லாரி சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே, "இடது ஓரம்! யாரும் பிரேக் போடாதீங்க, மிதிச்சுட்டே வாங்க!" என்று கத்துவார். ஒவ்வொரு லாரி கடந்தபோதும் அந்த ரயில் முழுவதும் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. போன மழைக்காலத்தில் அதில் ஒரு பிள்ளை சாய்ந்தது, நிமிரவேயில்லை.

டீச்சர் வீட்டில் காப்பி குடித்தபடி வான்மதி கேட்டாள். "அந்தச் சுவர் இல்லைன்னா பள்ளிக்கூடம் எவ்வளவு பக்கம்? உங்களுக்குக் கோபம் வரலீங்களா?"

"சுவத்தைப் பத்தி நான் நினைக்கறதே இல்லீங்க" என்றார் டீச்சர். "நினைச்சா ரோட்டுல கவனம் போயிடும்."

அவருடைய மகன் முகில் உள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். கல்லூரி முடித்தவன். டீச்சரின் கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா, மகன் இருவர் நெற்றியிலும் பட்டி இருந்தது.

சுவரின் மறுபுறம், குடியிருப்போர் சங்கத் தலைவர் பூபதி, வான்மதியை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். மகள் சாதனாவை அறிமுகம் செய்தார். மனைவி இல்லாத வீடு.

"எங்க நகர்ல அத்தனை பேரையும் பட்டி கட்ட வச்சது நான்தானுங்க" என்றார். "எதுக்குன்னா, உண்மை தெரியட்டும். அந்தப் பக்கம் போகணும்னு எங்க ஆளுக ஒருத்தருக்கும் நெனப்பில்லை. இட்டேரி ரெண்டு பக்கத்துக்கும் பொது. ரெண்டு பக்கமும் தேவைன்னு சொன்னாத்தான் திறக்கலாம்னு உத்தரவே இருக்குதுங்க."

அது நிஜம்தான். உத்தரவு அப்படித்தான் சொன்னது.

வான்மதி அலுவலகத்துக்கு வந்து பொன்மலர் நகரைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓடைக்காட்டிலிருந்து கிளம்பிய கோடுகள் கற்றையாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயின. எதிர்த்திசையில் ஒன்றுமில்லை. பூபதி சொன்னது சரிதானோ என்று நினைத்து, ஒரு நாளின் ஓட்டத்தை மெல்ல நகர்த்தினாள். மாலை ஆறு மணியானதும் ஒரே ஒரு கோடு முளைத்தது.

பொன்மலர் நகரின் ஒரு வாசலிலிருந்து கிளம்பி, இட்டேரி இருந்த இடத்தைப் பிடித்து, சுவர் வரைக்கும் வந்து நின்றது. அதே நேரத்தில் ஓடைக்காட்டில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு கோடு கிளம்பி எதிரே வந்தது. இரண்டும் சுவரின் ஒரே இடத்தில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தொட்டு நின்றன. சற்று நேரத்தில் அணைந்தன.

அடுத்த நாளைப் பார்த்தாள். அதே நேரம், அதே இடம். அதற்கடுத்த நாளும். மாதம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஊரே நிரம்பி வழியும் அந்தப் படத்தில் இப்படி ஒன்றையொன்று தேடி வந்து முட்டி நின்ற கோடுகளை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. பேசிவைத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

பிறகுதான் அந்த வாசல்கள் யாருடையவை என்று உறைத்தது. ஒன்று பூபதியின் வீடு. மற்றது சங்கவி டீச்சரின் வீடு.

"சாதனாவும் முகிலும்" என்றாள் ரிஸ்வானாவிடம்.

ரிஸ்வானா இரண்டு கோடுகளின் முனைகளையும் பெரிதாக்கிப் பார்த்தாள். "கூட்டத்துல இதைக் காட்டினீங்கன்னா சுவர் விழுந்துடும். பொன்மலர் நகர்லேர்ந்து கோடு இருக்குன்னு ஆகிடும்."

"காட்டினா அந்தப் பொண்ணு என்ன ஆவா?"

இந்த ஊர்களில் இப்படிச் சுவர் தாண்டிக் காதலித்த பெண்களுக்கும் பையன்களுக்கும் என்ன நடந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். சொல்லிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

"காட்டலைன்னா அந்தப் பிள்ளைங்க இன்னும் லாரிக்கு நடுவுலதான் போகணும்" என்றாள் ரிஸ்வானா.

"பேர் இருக்காதுன்னு சொன்னீங்களே ரிஸ்வானா."

"பேர் இல்லைதான். வாசல் இருக்கே. அதை நான் யோசிக்கலை." அவள் படத்தை மூடினாள். "இத்தனை வருசம் ஆராய்ச்சி பண்ணினேன். கோடு ஒரு வீட்டுலதான் தொடங்கும்கறது தோணவே இல்லை."

வான்மதி அன்று மாலை புறவழிச்சாலையில் போய் நின்றாள். பள்ளி விட்டு வந்த ரயில் சாய்ந்து, நிமிர்ந்து, கடந்துபோனது. டீச்சர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். மறுநாள் காலை அவள் அலுவலகம் போய் அந்த இரண்டு கோடுகளையும் படத்திலிருந்து அழித்தாள். பிள்ளைகளுக்கு வேறு வழி தேடலாம், உயிருக்குப் பயந்து ஓட நேர்ந்தால் ஒரு பெண்ணுக்கு வேறு வழி தேட முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது சரியா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நடுவே அகலமான வழி. ஒரு பக்கம் பொன்மலர் நகர், மறுபக்கம் ஓடைக்காடு. யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்ந்தார்கள். வான்மதி படத்தைத் திரையில் போட்டாள். ஓடைக்காட்டுக் கற்றை சுடர்விட்டது. எதிர்ப்பக்கம் இருட்டாக இருந்தது. பொன்மலர் நகர்க்காரர்கள் சிலர் கைதட்டினார்கள். சங்கவி டீச்சர் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து விடைத்தாள்களைத் திருத்தத் தொடங்கினார்.

"எதிர்ப்பக்கத் தேவை எதுவும் பதிவாகவில்லை" என்றார் விசாரணை அதிகாரி. "சாப்பாட்டுக்கு அப்புறம் முடிவைச் சொல்லிடறேன்."

வான்மதி வராந்தாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பூபதி அருகே வந்து நின்றார். ஜெயித்தவர் போல் இல்லை.

"அம்மிணி, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அந்தப் பக்கமிருந்து எங்க வீட்டுக்கு ஒரு கோடும் இல்லீங்களா?"

மகளைப் பற்றி அவருக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்தாள் வான்மதி. "இல்லீங்க" என்றாள் உடனே.

"நல்லாப் பாத்தீங்களா? ஒண்ணுகூடவா இல்லை?"

"ஒண்ணும் இல்லீங்க."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தாள். அது விழுந்துபோனது. அவர் தூணில் சாய்ந்துகொண்டார்.

"அவளும் பட்டி கட்டியிருக்கான்னு சொன்னாங்க. அதான் நெனச்சேன், ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம்..." நிறுத்தினார். "பரவால்லீங்க. அவ நெனைக்கோணும்னு நான் எப்படி எதிர்பாக்கறது?"

"யாருங்க?"

"எந்தங்கச்சி. சங்கவி."

வான்மதியின் கையிலிருந்த டம்ளரில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

"அங்க கல்யாணம் கட்டிட்டுப் போனப்ப எங்கப்பா எழுப்பின சுவருங்க அது. ஊருக்குத் திருட்டுப் பயம்னு சொன்னாரு. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, நான் காவல் காத்துட்டிருக்கேன்." அவர் வராந்தாவுக்கு வெளியே வெயிலைப் பார்த்துப் பேசினார். "சின்னதுல சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா மில்லுலேர்ந்து வருவாரு. அவரு சைக்கிள் எங்க கைக்கு வரும். பின்னாடி இவளை ஏத்திட்டு இட்டேரி முச்சூடும் ஒரு ஓட்டு. குரங்குப்பெடல்தான், கால் எட்டாது. இன்னிக்கும் ஆறு மணியானா என்னை அறியாம மனசு அங்க கிளம்பிடுதுங்க. சுவத்துக்கிட்ட போனதும் நின்னுக்குது. அது இந்தப் படத்துல வந்து மானம் போயிடும்னு ரெண்டு நாளாத் தூங்கலை. இன்னிக்குப் பாத்தா என்னுதும் இல்லை, அவளுதும் இல்லை. அப்பத்தான் வலிச்சுது."

வான்மதி டம்ளரைக் கீழே வைத்தாள். தான் ஒரு பெண்ணின் ரகசியம் என்று நினைத்துக் காத்தது இந்த மனிதரின் ரகசியம். அதற்கு அவள் கதைகூடக் கட்டியிருந்தாள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரையும் கேட்காமல்.

"உங்க கோடு இருந்துச்சுங்க" என்றாள். "நான்தான் அழிச்சேன். யாருக்காவது ஆபத்து வந்துடுமோன்னு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவளுது?"

"உங்களைப் பத்தி உங்ககிட்ட சொல்லலாம். இன்னொருத்தரோடதைச் சொல்ற உரிமை எனக்கில்லை. நீங்க இப்ப எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லட்டுங்களா?"

அவர் சரி என்று தலையை அசைத்தார்.

சங்கவி டீச்சர் மண்டபத்துக்குள் அதே நாற்காலியில் இருந்தார். வான்மதி பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு கூட்டல் கணக்கின்மேல் நின்றுவிட்டது.

"ஆறு மணிக்கா?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"எங்க வரைக்கும் வர்றான்?"

"சுவர் வரைக்கும்."

"நானும் அதுக்கு மேல போனதில்லை." டீச்சர் பேனாவை மூடினார். அன்று வீட்டில் தன்னிடம் சொன்னது பொய் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிகிறதோ என்று வான்மதிக்குத் தோன்றியது.

"நீங்க சம்மதிச்சா ரெண்டு கோட்டையும் திரையில போடறேன். பாதை திறந்துடும்."

"வேண்டாம். மனசுல ஓடறதைத் திரையில போட்டு ஊரு பாக்க வேண்டாம். வரணும்னு இருந்தா நேர்ல வரச் சொல்லுங்க. இங்கதான உக்காந்திருக்கேன்."

வான்மதி திரும்பிப் பார்த்தாள். பூபதி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் இரண்டு பக்கமும் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அவள் அவரிடம் போய்ச் சொல்லவேண்டியிருக்கவில்லை. டீச்சர் தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார்.

அவர் நடந்தார். தம் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டினார். யாரோ, "தலைவரே, இங்க" என்று கூப்பிட்டார்கள். நடுவழிக்கு வந்தபோது கால் ஒரு கணம் தயங்கியது. சுவர் இருக்கும் இடத்தில் நிற்பதுபோல் நின்றார். லட்சக்கணக்கான கோடுகளைப் பார்த்துப் பழகியிருந்தாள் வான்மதி. ஒரு கோடு நிஜமாகும்போது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை பார்த்ததில்லை.

அவர் நடுவழியைக் கடந்து வந்து தங்கையின் முன்னால் நின்றார்.

"சங்கு" என்றார்.

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கும் முகத்தில் பழையதைத் தேடுவதுபோலப் பார்த்தார்.

"உக்காருண்ணா" என்றார். "வேர்த்துக் கொட்டுது பாரு."

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவர் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பொன்மலர் நகர்ப் பக்கத்தில் சாதனா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஓர் அத்தை இருப்பது அந்தப் பெண்ணுக்கு அதுவரை தெரியாது.

விசாரணை அதிகாரி வந்து, "முடிவைச் சொல்லலாமா?" என்று கேட்டபோது பூபதி அந்த நாற்காலியிலிருந்தே கை தூக்கினார்.

"ஒண்ணுங்க. எங்க பக்கமிருந்து தேவை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. மாத்தி எழுதோணும். எனக்கு வேணும்."

அவருக்குப் பின் பொன்மலர் நகர் வரிசையில் கூச்சல் எழுந்தது. சிலர் வெளியேறினார்கள். ஆனால் வயதான ஒரு டாக்டர் எழுந்து, அந்தப் பக்கம்தான் தனக்கு நோயாளிகள் அதிகம் என்றார். இன்னொரு பெண் எழுந்து காரணம் சொல்லாமல், "எனக்கும்" என்றாள். வான்மதியின் படத்தில் இவர்கள் யாருடைய கோடும் இருந்ததில்லை. மனத்தளவில்கூட அவர்கள் அதுவரை கிளம்பியிருக்கவில்லை. ஒருவர் நடந்துபோனதைப் பார்த்த பிறகு கிளம்புகிறார்கள். அதைப் பிடிக்க எந்தப் பட்டியாலும் முடியாது.

இட்டேரி அந்த ஆண்டே திறந்தது. சங்கவி டீச்சரின் ரயில் புறவழிச்சாலைக்குப் போவதை நிறுத்தியது.

அடுத்த கோடையில் இரண்டாம் முறை பட்டி கட்டியபோது, கோடுகள் வாசலுக்கு வெகு முன்னாலேயே வெட்டப்பட வேண்டும் என்று வான்மதி விதி எழுதினாள். ரிஸ்வானா அதைத் தன் கருவிக்குள்ளேயே அமைத்தாள். இனி அவர்களே நினைத்தாலும் எந்த வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது.

"இந்தத் தடவை படம் பாதி இருட்டா இருக்கும் பாருங்க" என்றாள் ரிஸ்வானா, ஜன்னல் திரையை இழுத்துவிட்டபடி. "இத்தனை தடம் போட்டாச்சு. போகணும்னு நினைச்சவங்க போயிட்டாங்க. இனி மனசுல ஓட என்ன இருக்கு?"

வான்மதியும் அப்படித்தான் நினைத்தாள். ஒருநாள் படம் முழுக்க இருட்டாகிவிட்டால் தன் வேலை முடிந்தது என்றுகூட நினைத்திருந்தாள்.

படம் திறந்தது. பழைய கோடுகள் அணைந்துபோயிருந்தன. குளக்கரைக் கோடுகள், பள்ளிக் கோடுகள், ஆறு மணிக் கோடுகள், எதுவும் இல்லை. ஆனால் இருட்டு எங்கேயும் இல்லை. நகரம் முன்பைவிட அதிகமாக எரிந்தது. புதிய கோடுகள் தடங்களின் முனைகளிலிருந்து கிளம்பி வெளியே பாய்ந்தன. வடக்கே மலையடிவாரத்துக்கு, தெற்கே தென்னந்தோப்புகளுக்கு, யாரும் சைக்கிளில் போகாத தூரங்களுக்கு. இட்டேரி வழியாக ஓடைக்காட்டிலிருந்து மெல்லிய கோடு ஒன்று மேற்கே திரும்பி, கணவாய்க் காற்றுக்கு ஒதுங்காமல் நேர் எதிரே ஏறிப்போய், படத்தின் விளிம்பில் முட்டி நின்றது. அதற்கு மேல் சுவரில் இடமில்லை.

"இது எங்க போகுது?" என்றாள் ரிஸ்வானா.

"தெரியலை. படத்துல அவ்வளவுதான் இருக்கு."

வான்மதி படத்தின் எல்லையை மேற்கே நகர்த்தினாள். கோடு கணவாயைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நகர்த்தினாள். ஊர்கள் வந்தன, ஆறு வந்தது, கோடு நிற்கவில்லை. கடல் தெரியும்வரை நகர்த்திக்கொண்டே போனாள்.